டயரின் சொந்த வண்டி எது?

ஹோண்டா கம்பெனியின் கோல்ட் விங் மோட்டார் சைக்கிளை நம்மில் பெரும்பாலானவர்கள் படத்தில்தான் பார்த்திருப்போம். 1974இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் வைக்கப்பட்டு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த வண்டி. பிறகு வந்த மாதிரிகள் ஊதிப் பெருத்து நானூறு கிலோவைத் தொட்டன. பெட்டிகள், ரேடியோ, பின்னால் உட்காருபவருக்குச் சாய்மானம் என்று நீண்ட பயணத்துக்கென்றே செய்யப்பட்டது. இந்த எடையைச் சுமக்கிற பின்சக்கர டயர் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது, விலையும் அதிகம். ஆகவே அமெரிக்காவில் இதை ஓட்டுகிறவர்களில் ஒரு பகுதியினர் பின்சக்கரத்தில் கார் டயரை மாட்டி ஓட்டத் தொடங்கினார்கள். இதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் ‘இருட்டுப் பக்கம் போவது’. நட்சத்திரப் போர் சினிமாவிலிருந்து எடுத்த சொல். டயர் கம்பெனிகள் கூடாது என்கின்றன, வண்டிக் கம்பெனி கூடாது என்கிறது, பல கடைக்காரர்கள் மாட்டித்தர மறுக்கிறார்கள். இவர்கள் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மதச் சண்டை மாதிரி இது பல வருஷங்களாக நடக்கிறது.

சண்டையின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிள் டயரின் முகம் உருண்டை. வளைவில் வண்டி சாயும்போது டயரும் கூடவே உருண்டு கொடுக்கும். எவ்வளவு சாய்ந்தாலும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். கார் சாய்வதில்லை, ஆகவே கார் டயரின் முகம் தட்டை. அதைப் பைக்கில் மாட்டிச் சாய்த்தால் டயர் தன் தோளில் ஏறி நிற்கும், நிமிரவே பார்க்கும். கைப்பிடியை அழுத்தி மல்லுக்கட்டித்தான் வளைக்க வேண்டும். ரோட்டில் தடம் விழுந்திருந்தால் பின்பக்கம் அந்தத் தடத்தின் போக்கில் இழுக்கும். இன்னொன்று ரிம். காருக்கான ரிம்மின் உட்புற வார்ப்பு வேறு, பைக் ரிம்மின் வார்ப்பு வேறு. டயரின் உள்விளிம்பு அதில் சரியாக உட்காருவதற்குச் சில நேரம் அளவுக்கு மீறிக் காற்று ஏற்ற வேண்டியிருக்கிறது, அதில் டயர் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. ஆதரிப்பவர்கள் சொல்வது: பைக் டயர் தேய்ந்து தீருகிற தூரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓடும், விலை குறைவு, பிரேக் அடித்தால் அகலமாகத் தரையைப் பிடிக்கும், பாரம் தாங்கும். பொறியியலாகப் பார்த்தால் எதிர்ப்பவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை யோசிக்க வைத்தது ‘தவறான டயர்’ என்ற சொற்சேர்க்கை. ஒரு டயர் எந்த வண்டிக்கு உரியது என்பதை யார், எப்போது, எதை வைத்துத் தீர்மானித்தார்கள்? பிரதிக்கு ஒரு சரியான வாசிப்பு உண்டு, மற்றதெல்லாம் பிழை வாசிப்பு என்ற பேச்சை இலக்கியத்தில் கேட்டுப் புளித்துப்போன நாம் இதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

டயரின் பக்கச்சுவரில் சில எண்கள் இருக்கும். கம்பெனிப் பெயரைத் தவிர நாம் எதையும் படிப்பதில்லை. நம்மூர் புல்லட்டுக்குப் பல காலம் 3.25-19. அம்பாசடர் காருக்கு 5.90-15. பழைய வில்லிஸ் ஜீப்புக்கு 6.00-16. முதல் எண் டயரின் பருமன், இரண்டாவது ரிம்மின் குறுக்களவு, இரண்டும் அங்குலத்தில். பத்தொன்பது அங்குல ரிம்மில் பதினைந்து அங்குல டயர் ஏறாது, ஆகவே புல்லட் வைத்திருந்த நம் ஆட்கள் இருட்டுப் பக்கம் போக ஆசைப்பட்டிருந்தாலும் அம்பாசடர் டயரை வைத்துப் போயிருக்க முடியாது. கோல்ட் விங்குக்கு அது வாய்த்ததற்குக் காரணம், 2001இல் வந்த மாதிரியின் பின்சக்கரம் பதினாறு அங்குலம். சின்னக் கார்களில் புழங்கும் அதே அளவு. கார்மாதிரி எடை, கார்மாதிரி சக்கரம், ஏறத்தாழக் கார்மாதிரி விலை. அதற்குக் கார் டயரைப் போட்டால் மட்டும் குற்றம் என்கிறார்கள்.

இனி வரலாறு. காற்றடைத்த டயர் என்றதும் பள்ளிக்கூடப் பாடத்தில் ஜான் பாய்ட் டன்லப் பெயர் வரும். பெல்ஃபாஸ்ட் நகரத்தின் மாட்டு வைத்தியர், மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று ரப்பர்க் குழாயைச் சுற்றிக் காற்றடைத்தார், 1888இல் காப்புரிமை வாங்கினார். பாடத்தில் வராத பகுதி என்னவென்றால், அந்தக் காப்புரிமை சில ஆண்டுகளிலேயே செல்லாது என்று ஆகிவிட்டது. அவருக்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதே விஷயத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ‘காற்றுச் சக்கரம்’ என்று பெயர் வைத்து லண்டன் பூங்காவில் ஓட்டிக் காட்டினார். எதில் மாட்டி? குதிரை வண்டியில். சைக்கிள் டயருக்குக் காத்திருக்கும் நிலையில் அப்போது இல்லை, கார் பிறக்கவேயில்லை. காற்றடைத்த டயரின் முதல் வண்டி மிருகம் இழுத்த வண்டி.

அந்தக் காலத்தில் அது விலை போகவில்லை. மெல்லிய ரப்பர் கிடைக்கவில்லை, செலவு கட்டவில்லை. டன்லப் மறுபடி கண்டுபிடித்தபோது சைக்கிள் பைத்தியம் உலகத்தைப் பிடித்திருந்தது, ஆகவே டயர் சைக்கிளுக்கு உரியதாயிற்று. 1895இல் மிஷ்லேன் சகோதரர்கள் பாரிஸிலிருந்து பொர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் ஒரு மோட்டார் காருக்குக் காற்று டயர் மாட்டி ஓட்டினார்கள். இந்தப் பொருள் காருக்குத் தாங்காது என்பது அன்றைய நிபுணர்களின் கருத்து. வழியெல்லாம் பஞ்சர். ஜெயிக்கவுமில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைய கணக்கில் ‘இருட்டுப் பக்கம்’ போனவர்கள் மிஷ்லேன் சகோதரர்கள்தான். இரண்டு சக்கர வண்டிக்குப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட பொருளை நான்கு சக்கர வண்டியில் மாட்டினார்கள். நூறு வருஷம் கழித்து நான்கு சக்கரத்திலிருந்து இரண்டு சக்கரத்துக்கு அதைக் கழற்றி மாட்டினால் ஐயோ தவறு என்கிறது அந்தத் தொழில். குதிரை வண்டி, சைக்கிள், கார் என்று வீடு மாறி மாறி வந்த ஒரு பொருளுக்குக் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் கதவெண்ணையே பிறப்பிடமாக எழுதிவிட்டார்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், அங்கே பார்த்த ஒரு கோல்ட் விங்கின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். இராமநாதபுரத்தில் நான் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடை பாயிடம் அதைக் காட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல் டயரோடு புழங்கிய கை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இவன் சாயவே மாட்டானா?” என்றார். அவ்வளவுதான். அமெரிக்காவில் பக்கம் பக்கமாக நடக்கும் வாதத்தின் மையம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. “நேரா போற ரோடா இருந்தா ஓடும். நம்ம உச்சிப்புளி ரோடு மாதிரி. மலையில போட்டா தூக்கி எறிஞ்சிரும்” என்றார் பிறகு. “மாட்டு வண்டிக்குப் போடுறோமே பாய், அது?” என்று கேட்டேன். “மாடு எங்க சாயுது?” என்றார்.

பாய் கடைப் பலகையில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருக்கிறது. தமிழ்நாடு முழுக்கப் பஞ்சர் கடைகளில் இருக்கும் சொல். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தியதிலிருந்து வந்தது. ரோமானியர்களின் நெருப்புத் தெய்வம் வல்கன் பெயரை வைத்தார்கள். வல்கன் வெறும் நெருப்புத் தெய்வமில்லை, கொல்லன் தெய்வம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம் ஊர்களில் டயர் வந்து முதலில் வேலையைப் பறித்தது கொல்லனிடமிருந்துதான்.

மரச்சக்கரம் செய்வது இரண்டு பேர் வேலை. குடம், ஆரக்கால், வட்டை என்று தச்சர் மரத்தில் இழைத்துச் சேர்ப்பார். நம் பக்கம் கருவேல மரம் இதற்குப் பேர்போனது. (இன்று மாவட்டத்தை மூடியிருக்கும் சீமைக் கருவேலத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது விறகுக்கும் கரிக்கும்.) பிறகு கொல்லர் இரும்புப் பட்டையை வளைத்து, சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைந்த அளவில் ஒட்டி, வட்டமாக விறகும் எருவும் அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார். சூட்டில் விரிந்த பட்டையைச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த வளையத்தின் வேலையைத்தான் பிற்காலத்தில் ரப்பர் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் டயர் என்ற சொல்லே முதலில் இந்த இரும்புப் பட்டையைக் குறித்தது. ரப்பருக்குப் பின்னால் போய் ஒட்டியது அந்தப் பெயர்.

இந்த மரச்சக்கரத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற ஒரு கிராமிய ஏக்கம் நம் எழுத்தில் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இரும்புப் பட்டை போட்ட வண்டி மணலிலும் சேற்றிலும் புதையும். இராமநாதபுரத்துக் கடற்கரை மணலில் பாரம் ஏற்றிய வண்டி இழுத்த மாட்டின் கதையை மாட்டிடம்தான் கேட்க வேண்டும். காற்று டயர் அகலமாகப் பரவி நிற்கும், புதையாது, மேடு பள்ளத்தை உள்வாங்கிக்கொள்ளும். கரடுமுரடான தரையில் இழுவைப் பாரம் குறையும். இதெல்லாம் உண்மை. அதேபோல் தச்சரும் கொல்லரும் சாதி அடுக்குக்குள் கூலிக்குக் கட்டுண்டு செய்த வேலையை ‘கைவினை’ என்று இன்று காட்சிக்கு வைப்பதிலும் எனக்கு ஈடுபாடில்லை. ஆனால் காற்று டயர் மாட்டு வண்டிக்கு வந்த காரணம் மாட்டின் மேல் இரக்கமா என்றால், அங்கேதான் கதை வேறு திசையில் திரும்புகிறது.

1912இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் விடத் தொடங்கினார். இராமநாதபுரம் தனி மாவட்டமாகி அப்போது இரண்டு வருஷம். அடுத்த பதினைந்து வருஷத்தில் நாடெங்கும் மோட்டார் பெருகியது. ரோடோ சல்லிக்கல்லைப் பரப்பி மண்ணும் தண்ணீரும் விட்டு உருளையால் அமுக்கியது. மாட்டு வண்டியின் மெல்லிய இரும்புப் பட்டை அதை அறுத்துத் தடம் போட்டது. வேகமாகப் போகும் மோட்டாரின் ரப்பர் டயர் கல்லுக்கிடையில் இருந்த மண்ணை உறிஞ்சிப் பறக்கவிட்டது. இரண்டும் சேர்ந்துதான் ரோட்டைக் கெடுத்தன. 1927இல் எம்.ஆர்.ஜெயகர் தலைமையில் ரோடு வளர்ச்சிக்கு ஒரு கமிட்டி போட்டார்கள், 1928இல் அறிக்கை வந்தது, 1929இல் பெட்ரோல் மேல் வரி போட்டு மத்திய ரோடு நிதி உண்டாயிற்று. வரி மோட்டார்காரனிடமிருந்து வந்ததால் ரோடும் மோட்டாருக்கானது என்ற பேச்சு வலுத்தது. ரோட்டைக் கெடுப்பவன் என்ற பட்டம் வண்டிக்காரனுக்கு மட்டும் நிலைத்தது. அவன் சக்கரம் ‘பழையது’, ‘தவறானது’, மாற்றப்பட வேண்டியது. மண்ணை உறிஞ்சிய மோட்டார் டயரை யாரும் தவறு என்று சொல்லவில்லை. அதற்கேற்றபடி ரோட்டைத் தார் போட்டு மாற்றினார்கள். ஒரு பொருளுக்கு உலகத்தை மாற்றுவார்கள், இன்னொன்றை உலகத்துக்கு ஏற்ப மாறச் சொல்வார்கள். எது எதற்குப் பொருந்தவில்லை என்பதைச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு டயர்க் கம்பெனிகளே மாட்டு வண்டிக்கென்று டயர் செய்து விற்றன. அவர்கள் விலைப்பட்டியலில் இதற்கு ஏ.டி.வி. என்று பெயர், விலங்கு இழுக்கும் வண்டி என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம். (இன்று மோட்டார் சைக்கிள் பிரியர்களிடம் அதே மூன்றெழுத்தைச் சொன்னால் மலையேறும் சாகச பைக் என்று புரிந்துகொள்வார்கள்!) புது டயர் வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நம் தெருவில் நடந்த வரலாறு. பழைய லாரியின் அச்சு, ஜீப்பின் சக்கரம், பட்டன் தேய்ந்து மொட்டையாகிக் காரிலிருந்து கழற்றிய டயர். ராஜஸ்தானில் ஒட்டக வண்டிகள் ஆகாய விமானத்தின் கழித்துப் போட்ட டயரில் ஓடுகின்றன. மோட்டார் வாகன விதிப்படி காருக்கும் லாரிக்கும் டயரின் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. மாட்டு வண்டி மோட்டார் வாகனமே இல்லை, ஆகவே அந்த விதி அதைத் தொடாது. லாரியில் சட்டவிரோதமான டயர் மாட்டு வண்டியில் ஏறியதும் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

மாட்டின் விஷயத்துக்கு வருகிறேன். சுமை இழுக்கும் மிருகங்களை வதைப்பதைத் தடுக்க 1965இல் மத்திய அரசு விதி செய்தது. வண்டிக்கு வண்டி எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அதில் அளவு உண்டு. சிறிய மாடு இழுக்கும் இரண்டு சக்கர வண்டிக்குக் காற்று டயர் இல்லாவிட்டால் 500 கிலோ, இருந்தால் 750. ஒன்றரை மடங்கு. வதையைத் தடுக்கும் விதிதான் இது, அதன் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் டயரால் குறைந்த சிரமம் மாட்டுக்குப் போய்ச் சேரவில்லை, கூடுதல் பாரமாக மாறிச் சரக்குக்காரனிடம் போய்ச் சேர்ந்தது என்பதை அந்த எண்களே ஒப்புக்கொள்கின்றன. வண்டிக்கு பிரேக் கிடையாது. இறக்கத்தில் ரப்பர்ச் சக்கரம் சுலபமாக உருளும்போது மொத்தப் பாரமும் நுகத்தடி வழியாகக் கழுத்தில்தான் வந்து நிற்கும். பெங்களூர் மேலாண்மை நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ்.ராமசாமி எழுபதுகளில் இந்த விஷயத்தைக் கையில் எடுத்து, மாட்டு வண்டியைச் சீர்திருத்துவது பற்றி 1979இல் நீண்ட அறிக்கை தந்தார். ஒரு கோடிக்கு மேல் மாட்டு வண்டிகள் ஓடும் நாட்டில் ராக்கெட் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த கவனத்தில் துளிகூட நுகத்தடிக்குக் கிடைக்கவில்லை என்ற அவருடைய ஆதங்கம் நியாயமானது. மேலாண்மைப் படிப்புக்காரர் ஒருவர் மாட்டின் கழுத்தைப் பார்த்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். நம் முற்போக்கு இலக்கியத்தில் மாடு குறியீடாக வந்த அளவுக்குக் கழுத்தாக வரவில்லை.

ரப்பர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தாண்டிப் போக இந்த மாவட்டத்துக்காரனால் முடியாது. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறின. டன்லப்பும் மிஷ்லேனும் உண்டாக்கிய பசிக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலும் மலாயாவிலும் காடழித்து ரப்பர் நட்டார்கள். நடவும் பால் வெட்டவும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்தார்கள் கங்காணிகள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபின் இலங்கை போகிற கூலிகளின் வாசல் மண்டபம் ஆயிற்று. மண்டபம் கேம்ப் என்று இன்றும் சொல்கிறோமே, அது இலங்கை அரசாங்கம் தொற்றுநோய்க்குப் பயந்து இந்திய மண்ணில் நடத்திய முகாம். நாள் கணக்கில் அடைத்து வைத்து, உடலைச் சோதித்து, துணியை ஆவியில் அவித்து அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று அடையாளம் காட்ட கூலிகளுக்குத் தகரத்தில் எண் பொறித்த வில்லை கொடுக்கும் வழக்கம் இருந்தது. டின் டிக்கெட் என்பார்கள். டயரின் பக்கச்சுவரில் எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தகர வில்லை ஞாபகம் வரும். இந்த உடல் இந்தத் தோட்டத்துக்கு, இந்த டயர் இந்த ரிம்முக்கு. ஒப்புமை மிகை என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும், இரண்டு எண்களும் ஒரே தொழிலின் இரண்டு முனைகளில் இருப்பவை.

1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலிகள் போவதைத் தடை செய்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம். தோட்டத் தமிழர்களை எண்ணிக்கை போட்டு இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொண்டன. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்டபம் வழியாக ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் வந்திறங்கினார்கள். 1983க்குப் பிறகு அதே முகாம் ஈழ அகதிகளுக்கு. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது, அங்கே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். எந்த நாட்டு ரிம்மிலும் உட்காராத டயர்கள் என்று எழுத வருகிறது. எழுதாமல் விடுகிறேன், மனுஷங்களை உருவகமாக்கி முடித்துக்கொள்வது நம் தொழிலின் கெட்ட பழக்கம்.

மோட்டார் சைக்கிளுக்குத் திரும்புவோம். பைக்கின் பின்பக்கத்தில் கார்ச் சக்கரம் மாட்டியதில் அமெரிக்காக்காரர்கள் முன்னோடி என்று யாராவது சொன்னால் டெல்லியின் பட்பட்டியை நினைவூட்டலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப் போட்ட ஹார்லி டேவிட்சன்களை வாங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி அச்சும் இரண்டு சக்கரங்களும் ஆளேறும் கூடும் வைத்து வாடகைக்கு ஓட்டினார்கள். பிரிவினையில் வந்த பஞ்சாபி அகதிகள் பலருக்கு அது பிழைப்பு. 1998இல் மாசுக் கட்டுப்பாடு சம்பந்தமான உச்ச நீதிமன்ற உத்தரவோடு அது முடிந்தது. குஜராத்தில் சக்கடோ: முன்பாதி புல்லட், பின்பாதி இரண்டு தடித்த சக்கரமும் தட்டும், நடுவில் தண்ணீர் இறைக்கிற ஜாதி டீசல் இன்ஜின். அங்கே கிராமத்துக்குக் கிராமம் ஓடியது. நம் வடசென்னை மீன்பாடி வண்டி இதற்குத் தம்பி முறை. இவற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. பின்னால் இரண்டு சக்கரம் வந்ததும் வண்டி சாய்வது நின்றுவிடுகிறது. சாயாத வண்டிக்குத் தட்டை முகமுள்ள டயர்தான் சரி. பாய் கேட்ட கேள்விக்கு இவர்கள் வண்டியையே மாற்றிப் பதில் சொன்னார்கள். கோல்ட் விங்காரர்கள் வண்டியை மாற்றாமல் தங்கள் உடம்பை மாற்றிக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

இந்த மாதிரி வண்டிகளை ‘ஜுகாட்’ என்று இப்போது மேலாண்மைப் புத்தகங்கள் கொண்டாடுகின்றன, இந்தியனின் சமயோசிதம் என்று. இல்லாமையால் செய்த காரியத்தைத் திறமை என்று பாராட்டிவிட்டால் இல்லாமையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா? வட இந்தியாவில் இப்படிக் கட்டிய வண்டியில் அடிபட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை, நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம்தான் போக வேண்டியிருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் ஜுகாடும் மோட்டார் வாகனம்தான், பதிவும் காப்பீடும் இல்லாமல் ஓடக்கூடாது என்றது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில், தயாரித்தவன் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொன்னது. இரண்டையும் நான் தவறு என்று சொல்லமாட்டேன். ரோட்டில் நடக்கிறவனும் ஒரு கட்சி. ஆனால் தீர்ப்பின் பாரம் எல்லார் கழுத்திலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. கோல்ட் விங்காரர் டயரை மாற்றுவது சுதந்திரம், மீன்பாடிக்காரர் இன்ஜின் மாற்றுவது குற்றம், வண்டிக்காரர் இரும்புப் பட்டையை மாற்றாதது பிற்போக்கு. முதலாமவர் தவறினால் இழப்பது இரண்டாவது வண்டி. மற்ற இருவர் இழப்பது அன்றைய சோறு.

1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை இராமேஸ்வரம் தீவுக்கு எந்த டயரும் ரோடு வழியாக உருண்டு போனதில்லை. தீவுக்குள் போனபிறகும் 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு ரோடு இல்லை, மணல்தான். அங்கே பல வருஷம் மீனவர்களையும் மீனையும் பிறகு சுற்றுலா வந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு பழைய ஜீப்புகளும் வேன்களும் மணலில் ஓடின. ஒருமுறை போனபோது ஓட்டுநர் மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி டயரில் காற்றைக் குறைத்தார். “ஏண்ணே காத்த எறக்குறீங்க?” என்று கேட்டார் பக்கத்திலிருந்த வெளியூர்க்காரர். “டயர் கொஞ்சம் சப்பையானாத்தான் மணலு விடும்ணே” என்றார். கம்பெனி சொன்ன காற்றளவைக் கம்பெனி பார்க்காத தரைக்காக மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சூடேறிப் பக்கச்சுவர் கிழியும். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்தார்கள். மணல் வேன்களுக்கு அதன்பின் வேலை குறைந்துபோயிற்று. இப்போது தனுஷ்கோடி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை, பெங்களூர் பதிவெண்களோடு பெரிய டூரிங் பைக்குகள் வரிசையாக வருகின்றன. ரோடு இருபுறமும் கடல் பார்த்து நேராகவே போகிறது, பெரிதாகச் சாய வேண்டிய வளைவு ஒன்றும் இல்லை.